சொன்ன விலை

என் அக்காவை, எங்கள் ஊர்ப் பேச்சில் லாத்தாவை, கட்டிய சாலிஹ் மச்சான் சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கிய சரித்திரமே கிடையாது. முத்துக்கும் ரத்தினக் கல்லுக்கும் பேரம் பேசினால் சரி, அது தொழில். முருங்கைக்காய்க்கும் முடிவெட்டுக்கும் மாட்டுவண்டி வாடகைக்குமா பேசுவது? ஒருதடவை திருச்செந்தூர் பஸ்ஸில் கண்டக்டரிடமே டிக்கெட்டைக் குறைக்கப் பார்த்தார். இவர் யாரோ நான் யாரோ என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் பனைமரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

என் பெயர் ஹபீப். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், தோணிகளுக்குக் கயிறும் பாய்த்துணியும் விற்கிற கடை எனக்கு. ஒரே விலை. வாசலிலேயே எழுதித் தொங்கவிட்டிருந்தேன். பேரம் பேசுகிறவனைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். வாங்கினால் வாங்கு, இல்லையென்றால் நடையைக் கட்டு. இப்படிப்பட்டவனுக்கு அப்படி ஒரு மச்சான். எங்கள் காயல்பட்டினத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண்வீட்டில்தான் குடியிருப்பார். ஆகவே நான் அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்தே அவருடைய பேரத்தைக் காதில் வாங்கித்தான் வளர்ந்தேன்.

அவர் பேரத்துக்கு ஒரு முறை உண்டு. விலையைக் கேட்பார். கேட்டதும் வேப்பெண்ணெய் குடித்தவர் மாதிரி முகத்தைச் சுளிப்பார். பாதி விலை சொல்வார். கடைக்காரன் மாட்டேன் என்று தலையாட்டினால் துண்டை உதறித் தோளில் போட்டு, குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். அதற்கப்புறம் ஒரு நடை நடப்பார் பாருங்கள், போகிற மாதிரியும் இருக்கும், போகாத மாதிரியும் இருக்கும். தெருமுனைக்குப் போனதும் செருப்பில் கல் ஏறிவிட்டதுபோல நின்று குனிவார். நிமிர்வதற்குள் பின்னாலிருந்து, வாங்க மரைக்காயரே, எடுத்துக்கிட்டுப் போங்க என்று குரல் வந்துவிடும்.

"கூப்பிடாத கடைக்காரன் இன்னும் பொறக்கலைலே" என்பார் என்னிடம்.

நான் பிறந்திருந்தேன். வீட்டுக் கிணற்றுக்குக் கயிறு வாங்க ஒருநாள் என் கடைக்கே வந்து, மச்சினன் கடை என்றுகூடப் பார்க்காமல் பாதி விலை சொன்னார். நான் பலகையைக் காட்டினேன். துண்டை உதறினார், நடந்தார், முனையில் நின்று குனிந்தார். நான் பேசாமல் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷன் செருப்பையே பார்த்துக்கொண்டு நிற்பார்? கடைசியில் திரும்பி வந்து, "நீயெல்லாம் ஒரு வியாபாரியாலே?" என்று ஒரு மூச்சு ஏசிவிட்டு, கயிறு வாங்காமலே போய்விட்டார். அதற்கப்புறம் வேறு எங்கேயோ அதிக விலைக்கு வாங்கியதாக லாத்தா சொன்னாள்.

ஆனால் தொழிலில் அவர் புலி. முத்துத் தரகு. விற்கிறவன் ஒரு பக்கம், வாங்குகிறவன் ஒரு பக்கம், நடுவில் இவர். சுற்றிலும் பத்துப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களுக்கு விலை தெரியக்கூடாது. அதனால் வாய்ப்பேச்சே கிடையாது. கைகள் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, முழுக்கையையும் பிடித்தால் ஐந்து. நூறா ஆயிரமா என்பது சரக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும். விலை அதிகம் என்றால் எதிராளியின் விரலை ஒவ்வொன்றாக மடக்கிக் குறைப்பார்கள். மச்சான் மடக்கினால் அதோடு பேரம் முடிந்தது என்று அர்த்தம். எப்படி அவ்வளவு சரியாக நிறுத்துகிறீர்கள் என்று ஒருதடவை கேட்டேன்.

"விரல் பொய் சொல்லும்லே. நடுக்கம் பொய் சொல்லாது. எந்த விரலை மடக்கும்போது கை நடுங்குதோ, அங்கன நிக்குது விலை" என்றார்.

இன்னொன்றும் சொல்வார். விற்பதற்கில்லை என்று சொல்கிறவனை நம்பாதே, அவன்தான் விற்கத் துடிக்கிறவன், விலையை ஏற்றத்தான் அப்படிச் சொல்கிறான் என்பார்.

துண்டுக்குள் பேரம் நடக்கும்போது வாய் தவறி ஒரு வார்த்தை வந்துவிட்டால் தரகு போச்சு. அதற்காகவே தரகர்கள் வாயில் எதையாவது அடக்கிக்கொள்வார்கள். மச்சான் வெற்றிலையோடு ஒரு துண்டு யாழ்ப்பாணப் புகையிலையை இடது கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தால், மதியம் லுஹர் தொழுகைக்குத்தான் துப்புவார். அப்புறம் மறுபடி ஒரு துண்டு. தூங்கும்போதும் அங்கேயே கிடக்கும். காலையில் தலையணையெல்லாம் காவி. லாத்தா ரஹ்மத்துன்னிஸா ஏசாத ஏச்சு கிடையாது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். எங்களுக்குச் சுடுகாடு இல்லை, பழக்கம் மட்டும் இருந்தது.

யுத்தம் முடிந்த வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். லாத்தா அடுப்படி வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அவளுக்கு மனசு சரியில்லையென்றால் உட்கார மாட்டாள்.

"தம்பி, அவஹ மீன் ஆணத்துல காரம் வேணாங்குறாஹ. ஒரு மாசமா வெறும் கஞ்சிதான். கேட்டா ஒண்ணுமில்லைங்குறாஹ. நீ வாயைத் தொறக்கச் சொல்லிப் பாரு."

திறக்கச் சொன்னேன். மாட்டேன் என்றார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் நின்றது. கடைசியில் ஜன்னல் பக்கம் வந்து திறந்தார். நாக்கின் இடது ஓரத்தில், புகையிலை ஒதுங்குகிற இடத்தில், வெந்த மாதிரி ஒரு புண். ஓரமெல்லாம் தடித்துக் கிடந்தது. வைத்தியர் கொடுத்த கடுக்காய்ப் பொடியைத் தேனில் குழைத்துத் தடவிக்கொண்டிருந்தாராம். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு ஆகாயத்தைப் பார்த்தார். இதே மாதிரிப் புண்ணோடு எங்கள் துறைமுகத்தில் தோணி ஓட்டுகிற தண்டல் ஒருத்தர் செத்துப்போனதை நான் பார்த்திருந்தேன். கடைசியில் தண்ணீர்கூட இறங்காமல் போனார்.

தூத்துக்குடி டாக்டர் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார். திருவிதாங்கூர் எல்லைக்குள் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது, வாயில் வருகிற புற்றை அறுத்து எடுக்கிறதில் அங்கே நல்ல பழக்கம், நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். நாளைக்கே என்றால் மச்சான் கேட்பாரா? கொழும்பிலிருந்து ஒரு ஆள் வருகிறான், ஒரு வாரம் கழித்துப் போகலாம் என்றார். நான் கடையைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு போய் அவர் எதிரில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் விடியற்காலம் நான், மச்சான், லாத்தா மூன்று பேரும் பஸ் ஏறினோம். திருநெல்வேலி, நாகர்கோவில் என்று பஸ் மாறி மாறிப் போகும் வழியெல்லாம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவரோ பஸ் நின்ற இடத்திலெல்லாம் நுங்குக்கும் வெள்ளரிப் பிஞ்சுக்கும் விலை கேட்டுக்கொண்டு வந்தார். ஒன்றையும் வாங்கவில்லை. வாங்கினாலும் தின்ன முடியாது.

ஆஸ்பத்திரியில் வில்பிரட் என்று ஒரு டாக்டர். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். மச்சானின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். அப்புறம் தாடைக்குக் கீழே, கழுத்தில், காதோரத்தில் என்று அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஒரு இடத்தில் விரல் நின்றுவிட்டது. கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து சொன்னார்.

"மரைக்காயர், நாக்குல பாதியை எடுக்கணும். இந்தப் பக்கம் கழுத்துல நெறி கட்டியிருக்கு, அதையும் சுத்தி உள்ளதோட சேர்த்து எடுக்கணும். நாக்குல இருக்கது செடி. கழுத்துல விழுந்திருக்கது அதோட விதை. ரெண்டையும் எடுத்தாத்தான் உயிருக்கு நான் ஒரு வார்த்தை சொல்ல முடியும்."

லாத்தா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மச்சானைப் பார்த்தேன். அந்த மனுஷன் முகத்தைச் சுளித்தார். வேப்பெண்ணெய்ச் சுளிப்பு!

நாக்கு சரி, கழுத்து வேண்டாம் என்றார்.

டாக்டர் மறுபடி பொறுமையாக விளக்கினார். மச்சான் மறுபடி நாக்கு மட்டும் என்றார். நான் நடுவில் புகுந்து, இது சந்தையில்லை மச்சான், ஆஸ்பத்திரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவர் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. யோசித்துவிட்டுச் சொல்கிறோம் என்று அவகாசம் வாங்கிக்கொண்டு வார்டுக்கு வந்தோம்.

அந்த வார்டில் பக்கத்துக் கட்டிலில் சாத்தான்குளத்துக் கருப்பட்டி வியாபாரி ஒருவர் இருந்தார். பெயர் சிவனணைந்தபெருமாள். கன்னத்தில் வந்த புற்று. கன்னமும் கழுத்தும் இரண்டும் அறுத்து ஒரு மாசம் ஆகியிருந்தது. கழுத்தின் ஒரு பக்கம் பள்ளம் விழுந்து, தோள்பட்டை சரிந்து, அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. நர்ஸ் ஜெயபாய் மூக்குவைத்த கோப்பையில் கஞ்சி கொடுக்க, பாதி உள்ளே போயிற்று, பாதி துண்டில் வழிந்தது.

"மரைக்காயரே, ரெண்டையும் குடுத்துருங்க. நானும் குடுத்துட்டேன்" என்றார் குழறிக்கொண்டே.

மச்சான் மரியாதையாகச் சரி அண்ணாச்சி என்றார். வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் என் காதோரம் குனிந்து, அந்த நாடார் நல்ல மனுஷன், ஆனால் ஏமாந்துவிட்டார், சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டார் என்றார்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அந்தத் தாழ்வாரத்திலேயே நான் பேசாத பேச்சில்லை. டாக்டர் உங்கள் கழுத்தை எடுத்துக் கடையில் வைத்து விற்கப்போகிறாரா, அவருக்கு இதில் என்ன லாபம் என்று கேட்டேன். முதலில் கூட்டிச் சொன்னால்தான் கடைசியில் நியாயமான இடத்தில் வந்து நிற்கும், எந்தத் தொழிலிலும் அதுதான் முறை, டாக்டருக்கும் அது தெரியும் என்றார். கோணிய கழுத்தோடு ஒரு தரகன் துண்டு போட்டு உட்கார்ந்தால் எவன் எதிரில் உட்காருவான் என்றும் கேட்டார். அதில் கொஞ்சம் பயமும் இருந்தது. பயத்தைக்கூட விலையாக மாற்றித்தான் அவருக்குப் பேசத் தெரியும். லாத்தா தாழ்வாரத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

சாயங்காலம் டாக்டர் அறைக்குப் போனோம். மச்சான் அதையே சொன்னார். டாக்டர், ஒன்றை மட்டும் எடுத்துப் பிரயோசனமில்லை என்றார். மச்சான் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். குடையை இடுக்கினார். நடந்தார். படி இறங்கி, மணல் முற்றத்தில் கொஞ்ச தூரம் போய், செருப்பில் கல் ஏறியவர் மாதிரி நின்று குனிந்தார்.

டாக்டர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருந்தார். பெருமூச்சு விட்டார்.

"மரைக்காயர், வாங்க" என்று கூப்பிட்டார்.

மச்சான் திரும்பி வந்து உட்கார்ந்தார். உட்காரும்போது என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். அந்தச் சிமிட்டலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. டாக்டர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் பேசினார். இந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் நாக்கே கொன்றுவிடும், அதற்காகத்தான் சம்மதிக்கிறேன், கழுத்தை விட்டுவைப்பதில் எனக்கு இஷ்டமே இல்லை, மாசாமாசம் வந்து காட்டவேண்டும், நெறி இம்மி வளர்ந்தாலும் அன்றைக்கே அறுப்பேன் என்றார். மாசாமாசம் கூட்டிவருவது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன். மச்சானும் பெரிய மனுஷத்தனமாகத் தலையாட்டினார். பேரம் படிந்துவிட்டதல்லவா.

அறுத்தார்கள். அன்றைக்குப் பகலில் அந்த மூடிய கதவுக்கு வெளியே லாத்தாவும் நானும் பட்ட பாடு எங்கள் எதிரிக்கும் வரக்கூடாது. வெளியே கொண்டுவந்தபோது முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. மூக்கு வழியாகக் குழாய். எச்சிலை விழுங்க முடியாமல் நூலாக வழிந்துகொண்டே இருந்தது. ஜெயபாய் மணிக்கொருதரம் உப்புத் தண்ணீரால் வாயைக் கழுவினார். புண் ஆறிக் குழாயை எடுத்தபிறகு ஒரு மடக்குக் கஞ்சி விழுங்கவே அவர் பச்சைப்பிள்ளை மாதிரிப் பழக வேண்டியிருந்தது. மூச்சுக்குழலில் ஏறி இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்துவிடும். இருமி முடித்ததும் மறுபடி கோப்பைக்குக் கை நீட்டுவார். அந்தப் பிடிவாதத்தை நான் மெச்சத்தான் வேண்டும்.

பேச்சு போய்விட்டது. ஆ, ஊ என்று வரும். நாக்கு மேலே தொட வேண்டிய எழுத்து ஒன்றும் வராது. முதல் தடவை கலிமா சொல்லிப் பார்த்தபோது ஒரு இரைச்சல்தான் வந்தது. என்னைக் கலங்கிப்போய்ப் பார்த்தார். ஊருக்கு வந்ததும் ஆலிம்சா வீட்டுக்கே வந்து, நெஞ்சு சொன்னால் போதும், படைத்தவனுக்குக் காது கேட்கும் என்று சொன்ன பிறகுதான் அமைதியானார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் போன பிள்ளை எப்படிப் பிழைக்கும் என்று ஊரே கேட்டது.

பிழைத்தார்! அதுதான் வேடிக்கை. முத்துத் தரகுக்கு நாக்கு எதற்கு? துண்டும் விரலும் போதுமே. பேச முடியாத தரகன் வாயிலிருந்து விலை எந்தக் காலத்திலும் வெளியே வராது என்று வியாபாரிகள் அவரைத்தான் தேடி வந்தார்கள். கொழும்புக்குப் போனார், பம்பாய்க்காரர்களோடு உட்கார்ந்தார். புகையிலையைத் தொடவேயில்லை. வீட்டிலும் துண்டுதான். சோறு போதுமா, மகள் ஜமீலாவுக்கு எத்தனை முழத்தில் துணி, எல்லாம் விரல்தான். சனியன், எனக்கும் அந்தப் பாஷை படிந்துவிட்டது. ஒருநாள் என் கடையிலேயே என் கைமேல் துண்டைப் போட்டுக் கயிறுக்கு விலை பேசினார். நான் பலகையைக் காட்டினேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்புக்கு நாக்கு வேண்டியதில்லை.

முதல் சில மாசம் ஒழுங்காக வந்தார். டாக்டர் கழுத்தை அழுத்திப் பார்ப்பார், அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் எடுத்துவிடலாமே என்பார். மச்சான் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார். பார்த்தாயா, கொடுக்காமலேயே சரக்கு கையில் நிற்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஒரு மாசம் கொழும்பு என்றார். அடுத்த மாசம் பம்பாய்க்காரன் வருகிறான் என்றார். அதற்கடுத்த மாசம் நான் கடையைப் பூட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தபோது பின்வாசல் வழியாக நழுவிக் கப்பல் ஏறிவிட்டார். நான் கத்தினேன், கெஞ்சினேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

மறு வருஷம் ஐப்பசி மழையில் கொழும்பிலிருந்து வந்தவர் கழுத்தில் சால்வையைச் சுற்றியிருந்தார். குளிராம். எங்கள் ஊரில் ஐப்பசியில் என்ன குளிர்? லாத்தா இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் குளித்துவிட்டுத் துவட்டும்போது பிடித்து இழுத்துவிட்டாள். தாடைக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்து, கல்லாக இருந்தது. அவள் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டதாம். எனக்குத் தந்தி வந்தது.

மறுபடி அதே பஸ்கள், அதே பாதை. இந்தத் தடவை மச்சான் ஒன்றுக்கும் விலை கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. லாத்தா பஸ்ஸில் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். சரிந்த தோள், கோணிய வாய், ஆனால் கன்னத்தில் சதை போட்டிருந்தது. சிவனணைந்தபெருமாள்! வருஷத்துக்கொருதரம் காட்டிவிட்டுப் போக வந்தாராம். பையனுக்குக் கல்யாணம் முடித்துவிட்டாராம்.

"தோள்பட்டை போச்சு, மரைக்காயரே. ஆளு இருக்கேன்" என்றார்.

அப்புறம்தான் மச்சானின் கழுத்தைப் பார்த்தார். பழத்தைக் கீழே வைத்துவிட்டார்.

வில்பிரட் டாக்டர் வெகுநேரம் அழுத்திப் பார்த்தார். தலையை இப்படியும் அப்படியும் திருப்பச் சொன்னார். புடைப்பை அசைத்துப் பார்த்தார், அசையவில்லை. கை கழுவிக்கொண்டு வந்தவர் உட்காரவில்லை.

மச்சான் அவருக்கு இடம் கொடுக்காமல் தாமே ஆரம்பித்தார். தன் கழுத்தைக் காட்டி விரலால் அறுத்துக் காட்டினார். தாடையைக் காட்டி அதையும் எடுத்துக்கொள் என்றார். மிச்சம் இருக்கிற நாக்கை நீட்டி அதையும் காட்டினார். அன்றைக்குக் கேட்டதைவிட அதிகமாகவே கொடுக்கிறேன் என்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"இல்ல மரைக்காயர். இது உள்ள பெரிய ரத்தக்குழாயோட ஒட்டிருச்சு. இனிமே கத்தி வைக்கக்கூடாது. வலிக்கு மருந்து தாரேன். வீட்டுல இருங்க" என்றார் டாக்டர்.

மச்சான் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பி ஒரு கண்ணைச் சிமிட்டினார். விற்பதற்கில்லை என்று சொல்கிறவன்தான் விற்கத் துடிக்கிறவன். எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். குடையை இடுக்கினார். அந்த நடை நடக்க ஆரம்பித்தார்.

நான் டாக்டரைப் பார்த்தேன். கூப்பிடுங்கள், சும்மாவாவது கூப்பிடுங்கள் என்று மனசுக்குள் அவரிடம் மன்றாடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு மாசம். அதுக்கு மேல ஆண்டவர் கையில. வீட்டுல சொல்லிருங்க" என்றார் என்னிடம். அடுத்த அறைக்குள் போய்விட்டார். அங்கே வேறொருத்தர் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.

நான் படிக்கு வந்து நின்றேன். லாத்தா எங்களைக் கொண்டுவந்த மாட்டுவண்டியிலேயே வாசலில் உட்கார்ந்திருந்தாள். மச்சான் மணல் முற்றத்தில் போய்க்கொண்டிருந்தார். போகிற மாதிரியும் இருந்தது, போகாத மாதிரியும் இருந்தது. வேப்பமரத்தடியில் நின்றார். செருப்பில் கல் ஏறிவிட்டதுபோலக் குனிந்தார். குனிந்தபடியே இருந்தார். ஒரு செருப்பைக் கழற்றித் தட்டினார், மாட்டினார். மற்றதைக் கழற்றினார். யாரும் கூப்பிடவில்லை.

என்னால் தாங்க முடியவில்லை.

"மச்சான்!" என்று கூப்பிட்டேன். என் வாழ்நாளில் நடந்து போகிற ஒருத்தரை நான் பின்னாலிருந்து கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

சட்டென்று நிமிர்ந்து திரும்பினார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என்னைத் தாண்டி டாக்டர் அறை வாசலைப் பார்த்தார். அங்கே யாருமில்லை. ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கூப்பிட்டது நான்தான் என்று புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நான் கிட்டே போனேன். அவர் தோளிலிருந்து துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, உள்ளே தம் கையை விட்டார். என் விரல்களைத் தொட்டு நின்றார். எவ்வளவு என்று கேட்கிறார். எது எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா?

ஒரே விலைக் கடைக்காரன் நான். கூட்டியும் சொன்னதில்லை, குறைத்தும் சொன்னதில்லை. அன்றைக்கு அந்த வேப்பமரத்தடியில் ஐந்து விரலையும் விரித்துக் கொடுத்தேன். வருஷம் என்று வாயால் வேறு சொன்னேன்.

மச்சான் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே சுண்டுவிரலை மடக்கினார். நான் அசையவில்லை. மோதிர விரலை மடக்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நடுவிரலை மடக்கினார். இரண்டு விரல்தான் மிச்சம். அப்போது என் கை நடுங்கிவிட்டது. எவ்வளவோ அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

அதற்குமேல் அவர் மடக்கவில்லை. அந்த இரண்டு விரலையும் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். வருஷமில்லை என்று தலையை லேசாக ஆட்டினார். நானும் ஆட்டினேன். துண்டை உருவி உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போய் லாத்தாவுக்குப் பக்கத்தில் வண்டியில் ஏறினார்.

பஸ் நிறுத்தத்தில் இறங்கியதும் வண்டிக்காரன் வாடகை சொன்னான். மச்சான் மடியை அவிழ்த்து, அவன் சொன்னதை அப்படியே எடுத்துக் கொடுத்தார்.